இடித்த பிறகு எழுதப்பட்ட தெருக்கள்: கோதிக் புனைவில் பழம்பேட்டை

கோதிக் புனைவு என்று இலக்கிய வரலாறு பெயரிட்டுள்ள எழுத்துவகை நகரத்தில் பிறந்ததன்று. 1764 டிசம்பர் 24 அன்று லண்டனில் வெளியான ஹொரேஸ் வால்போலின் 'ஓட்ரான்டோ கோட்டை'யும், முப்பது ஆண்டுகள் கழித்து ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்க'ளும் இத்தாலியக் கோட்டைகளையும் சுரங்கவழிகளையும் களமாகக் கொண்டவை. அவற்றின் ஆங்கில வாசகருக்கு அச்சம் என்பது கடல் கடந்து, வேற்றுச் சமயத்தார் நாட்டில், வெகு காலத்துக்கு முன் நடந்து முடிந்த ஒன்றாகவே இருந்தது. அந்த அச்சம் ஊருக்குள் குடியேறியது 19ஆம் நூற்றாண்டில்தான். அவ்வாறு குடியேறியபோது அது நகரம் முழுவதிலும் பரவவில்லை. கோணல் சந்துகளும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகளும், நடுவில் ஒரு பேராலயமும், அதன் அடியில் நிலவறைகளும் கொண்ட பழைய பகுதியைத் தேர்ந்து அங்கேயே நிலைகொண்டது. இக்கட்டுரையில் அப்பகுதி பழம்பேட்டை எனக் குறிக்கப்படுகிறது.

பாரிஸ் முதல் அண்மைக்கால வீடியோ விளையாட்டுகளின் நகரங்கள் வரை இந்தப் பழம்பேட்டைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. புனைவுக்குள் ஒரு பழம்பேட்டை நுழைந்த காலம், அதற்கு மூலமான உண்மைத் தெருவைக் கடப்பாரை நெருங்கிக்கொண்டிருந்த காலமாகவோ இடித்து முடித்த காலமாகவோ இருக்கிறது. பழமை தானாகவே அச்சம் தந்திருக்குமானால் ஐரோப்பாவின் எல்லாப் பழைய ஊர்களும் கோதிக் புனைவுக்குக் களமாகியிருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை. இடிப்புக்கு ஆளான ஊர்களே பெரிதும் களமாயின.

முதற்சான்று விக்டர் ஹ்யூகோ. 1831இல் வெளியான 'நோத்ர் தாம் த பாரி' 1482ஆம் ஆண்டில் நிகழ்வது. எனினும் அதன் முன்னுரையே அழிப்பைப் பற்றியது. பேராலயக் கோபுரத்தின் சுவரில் எவரோ கீறியிருந்த ஒரு கிரேக்கச் சொல் பின்னர் சுண்ணாம்பு பூசப்பட்டோ சுரண்டப்பட்டோ மறைந்துபோனதையும், கீறியவர் மறைந்ததுபோல் ஆலயமும் மறையக்கூடும் என்பதையும் சொல்லித்தான் ஹ்யூகோ கதையைத் தொடங்குகிறார். நாவலின் நடுவே கதையை நிறுத்திவிட்டு, பறவையின் பார்வையில் 15ஆம் நூற்றாண்டுப் பாரிஸைத் தெருத்தெருவாக விவரிக்கும் நீண்ட அத்தியாயம் ஒன்று வருகிறது. கதை விரும்பும் வாசகர் பலர் அதைத் தாண்டிச் செல்வதுண்டு. ஆனால் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பழைய கட்டடங்களை இடிப்போருக்கு எதிராகத் தனிக் கட்டுரையே எழுதிய ஹ்யூகோவுக்குக் கதைநாயகி எஸ்மெரால்டாவைவிடத் தெருக்களே முதன்மையான பாத்திரங்கள்.

அந்த நாவல் எழுப்பிய உணர்வலையின் விளைவாக 1840களில் நோத்ர் தாமைப் புதுப்பிக்கும் பணி லஸ்ஸு, வியோலே-லெ-தியூக் ஆகிய இரு கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் அவ்வாலயத்தின் அடையாளமாக அறியப்படும், கைப்பிடிச் சுவரில் கன்னத்தில் கையூன்றி நகரைப் பார்த்திருக்கும் கொம்பு முளைத்த உருவங்கள் இடைக்காலத்தவை அல்ல. வியோலே-லெ-தியூக் புதிதாகச் செய்வித்தவை. மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளி உமிழ்வதற்காக இடைக்காலச் சிற்பிகள் அமைத்த கார்காயில் என்னும் விலங்குமுகத் தூம்புகள் வேறு, எந்தப் பயனுமின்றி அச்சுறுத்துவதற்கென்றே வைக்கப்பட்ட இந்த உருவங்கள் வேறு. நாவல் முதலில் வந்தது, அதற்கேற்ற 'பழமை' பின்னர் கல்லில் வந்தது என்ற இந்த வரிசை, பிற்காலக் கற்பனை நகரங்கள் அனைத்துக்கும் பொருந்துவதால் நினைவில் கொள்ளத்தக்கது.

ஆலயம் காப்பாற்றப்பட்டது, அதைச் சுற்றியிருந்த பேட்டை காப்பாற்றப்படவில்லை. 1853இல் பாரிஸின் நிர்வாகத் தலைவரான ஓஸ்மான், ஆலயம் நிற்கும் சீத்தே தீவின் குடியிருப்புகளில் பெரும்பகுதியை அகற்றி, மருத்துவமனை, வணிக நீதிமன்றம், படைக்குடியிருப்பு ஆகியவற்றுக்கு இடம் செய்தார். ஆலயத்தின் முன்னிருந்த சிறு முற்றம் பெரும் திடலாக விரிந்தது. அத்தீவின் சந்துகளில் ஒன்றான ஃபேவ் தெருவில்தான், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், யூஜீன் சூ தமது 'பாரிஸ் மர்மங்கள்' தொடர்கதையைத் (1842–43) தொடங்கியிருந்தார். குற்றவாளிகள் கூடும் மதுக்கடை, அவர்களுக்கே உரிய குழூஉக்குறி, இருளில் கேட்கும் அலறல் என்று சூ தீட்டிய படம், அப்பகுதி இருக்கத் தகாதது என்ற எண்ணத்தை நடுத்தர வகுப்பு வாசகரிடம் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். நகரச் சீர்திருத்தக்காரரும் தொடர்கதை ஆசிரியரும் ஒரே சொற்களைப் பயன்படுத்தினர்: இருள், நெரிசல், நாற்றம், குற்றம். ஒருவர் அவற்றை இடிப்பதற்கான காரணமாகக் காட்டினார், மற்றவர் விற்பனைக்குரிய சரக்காக்கினார்.

சூவைப் பின்பற்றி ரெயினால்ட்ஸ் எழுதிய 'லண்டன் மர்மங்கள்' 1844 முதல் வெளிவந்து, ஆங்கில ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் பெருவாரியாகப் படிக்கப்பட்டது. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தமிழில் தழுவி எழுதியதால், சந்தும் சுரங்கமும் இரகசியக் கதவும் நிறைந்த நகரம் என்னும் கற்பனை, தொலைவிலிருந்து வந்த சரக்கு என்று தெரியாமலேயே தமிழ் வாசகருக்கும் பழக்கமாயிற்று.

லண்டனில் இதே கதை வேறுவிதமாக நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' (1837–39) நாவலில் கொலைகாரன் சைக்ஸ் கடைசியாக ஒளிவதும் சாவதும் தேம்ஸ் நதியின் தென்கரையில் பெர்மாண்ட்சி பகுதியிலிருந்த ஜேக்கப் தீவில். கழிவுநீர்க் கால்வாய்களால் சூழப்பட்ட, மரத்தூண்கள்மேல் நின்ற வீடுகளைக் கொண்ட உண்மையான இடம் அது. எனினும் 1850இல் லண்டன் நகராட்சிப் பெருமகனாரான சர் பீட்டர் லாரி, அப்படி ஓர் இடம் டிக்கன்ஸின் கற்பனையில் மட்டுமே உண்டு என்று பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். டிக்கன்ஸ் நாவலின் மலிவுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரைக் கேலி செய்து மறுமொழி சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டுதான் செய்தியாளர் ஹென்றி மேஹ்யூ, காலரா பரவிய ஜேக்கப் தீவுக்கு நேரில் சென்று, மக்கள் கழிவு கலக்கும் கால்வாயிலிருந்தே குடிநீர் மொள்வதைப் பத்திரிகையில் எழுதியிருந்தார். புனைவில் இடம்பெற்றதாலேயே ஒரு பேட்டை இல்லாத ஊராகிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எடின்பரோவில் பழம்பேட்டை உருவான விதம் தனித்துக் கவனிக்க வேண்டியது. கோட்டை நிற்கும் பாறையிலிருந்து சரிந்து இறங்கும் ஒற்றை முகட்டின்மேல் அமைந்த அந்நகரம் பக்கவாட்டில் விரிய இடமின்றி மேல்நோக்கி வளர்ந்தது; பல அடுக்கு வீடுகளின் நடு மாடிகளில் செல்வரும், தரைத்தளத்திலும் உச்சியிலும் ஏழைகளும், ஒரே படிக்கட்டைப் பகிர்ந்து வாழ்ந்தனர். 1767இல் ஜேம்ஸ் கிரெய்க்கின் வரைபடம் ஏற்கப்பட்டு, நேர்த்தெருக்களும் சதுக்கங்களும் கொண்ட புதுநகர் வடக்கே எழுந்தபோது வசதி படைத்தோர் அங்கே குடிபெயர்ந்தனர். பழைய நகர் அதனால்தான் 'பழைய' நகராயிற்று. அதன் கட்டடங்களுக்கு வயது கூடியது காரணமன்று, அதில் வாழ்ந்தோர் வகுப்புவாரியாகப் பிரிந்ததே காரணம். 1828இல் பர்க், ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்ற வழக்கு அப்பகுதிக்கு நிலையான அவப்பெயரைத் தந்தது. உடல்களை வாங்கியவர் சமூகத்தின் மேல்தட்டைச் சேர்ந்தவர் என்பதும், அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை என்பதும் அந்த அவப்பெயரில் சேர்க்கப்படவில்லை. 1861 நவம்பரில் பெய்ஸ்லி குளோஸ் என்னும் சந்தின் பல மாடி வீடு நள்ளிரவுக்குப் பின் சரிந்து முப்பத்தைந்து பேர் இறந்தனர். 1867ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் அதன் விளைவுகளில் ஒன்று.

புதுநகரின் ஹெரியட் ரோ தெருவில் வளர்ந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், பெய்ஸ்லி குளோஸ் வீடு சரிந்ததை எடின்பரோவைப் பற்றிய தமது நூலில் பதிந்துள்ளார். அவருடைய 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' (1886) பெயரளவில் லண்டனில் நடப்பது. ஆனால் அது எடின்பரோவின் கதை என்று எழுத்தாளர் செஸ்டர்டன் வாதிட்டார். அந்த வாதம் ஏற்கத்தக்கதே. முன்வாசல் மதிப்புக்குரிய சதுக்கத்தைப் பார்த்தும், பின்வாசல் பூச்சு உதிர்ந்த சந்தைப் பார்த்தும் இருக்கும் ஜெக்கிலின் வீடு, இரண்டையும் இணைக்கும் பாலத்துக்கு இப்பால் புதுநகரும் அப்பால் பழைய நகருமாகப் பிளந்த ஊரின் தரைப்படமே அன்றி வேறன்று. கோதிக் எழுத்தில் பழம்பேட்டையின் பேயுரு அங்கேயே பிறந்தது என்று காட்டப்படுவதுதான் வழக்கம். ஸ்டீவன்சன் ஒருவரே, அந்த உரு புதுநகரில் பிறந்து பின்வாசல் வழியாகப் பழம்பேட்டைக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதத் துணிந்தார்.

பிராக் நகரின் யோசெஃபோவ், இடிப்பும் புனைவும் மிக நெருங்கிச் சந்தித்த இடம். நூற்றாண்டுகளாக யூதர் மட்டும் வாழக் கட்டாயப்படுத்தப்பட்ட அக்குடியிருப்பு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுக்குச் சம உரிமை கிடைத்த பின் நகரோடு இணைக்கப்பட்டது. வசதியுள்ள யூதக் குடும்பங்கள் வெளியேற, வாடகை குறைந்த இடம் தேடிய எல்லாச் சமயத்து ஏழைகளும் உள்ளே வந்தனர். நூற்றாண்டின் இறுதியில் யூதர் அங்கே சிறுபான்மையினர் ஆகிவிட்டனர். 1893ஆம் ஆண்டின் சட்டம் சுகாதாரத்தை முன்னிட்டு அப்பேட்டையை இடிக்க வழிசெய்தது. 1896 முதல் தெருக்கள் மறைந்தன. சில தொழுகைக்கூடங்களும், பழைய இடுகாடும், யூத நகர மண்டபமும் எஞ்சின. மற்ற இடத்தில் பாரிஸின் பெயரையே தாங்கிய அகன்ற சாலை ஒன்று எழுந்தது. இடிப்பதற்கு முன் ஒளிப்படம் எடுத்து வைப்பது அந்நாளைய நகராட்சிகளின் வழக்கமாகியிருந்தது. பாரிஸில் மார்வில், கிளாஸ்கோவில் தாமஸ் அன்னன், பிராகில் எக்கர்ட் ஆகியோர் எடுத்த ஆளரவமற்ற ஈரச் சந்துகளின் படங்கள், இன்றும் கோதிக் நகரம் என்றதும் மனத்தில் எழும் காட்சிக்கு எந்த நாவலையும்விட அதிகம் கடன் கொடுத்தவை.

குஸ்தாவ் மைரிங்கின் 'கோலம்' (1915) வெளிவந்தபோது அதன் களம் ஏறக்குறைய முற்றிலும் இல்லாமற்போயிருந்தது. களிமண்ணால் செய்து மந்திர எழுத்தால் உயிரூட்டப்பட்ட உருவமே கோலம். 1609இல் மறைந்த ரப்பி லோவ் என்பவரோடு அதை இணைக்கும் கதை அச்சில் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். மைரிங்கின் நாவலில் அது முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தெருவில் தோன்றி, வாசலே இல்லாத அறையொன்றில் மறைகிறது. கதைசொல்லி வேறொருவனின் தொப்பியை மாற்றி அணிந்துகொண்டதால் அவனுடைய வாழ்வையே கனவாகக் காண்கிறான். விழித்தெழுந்து அந்தத் தெருவைத் தேடிப் போனால், அது எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது என்று ஊரார் சொல்கிறார்கள். ஆவிகளையும் மறைஞானத்தையும் அளவுக்கு மீறித் திணித்திருப்பது இந்நூலின் குறை. இருந்தாலும், இடிப்பு நடந்துவிட்டது என்பதைக் கதையின் கட்டமைப்பிலேயே வைத்த முதன்மையான கோதிக் நாவல் என்ற இடம் அதற்கு உண்டு. வீடுகளே ஒன்றோடொன்று சதி பேசுவதுபோல் காட்டும் அதன் பக்கங்களில், அங்கே வாடகைக்கு இருந்த ஏழைகள் வீடுகளின் எண்ணங்களுக்கு ஆடும் நிழல்களாகச் சுருங்கிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மைரிங்கின் நூலுக்குப் படம் வரைய முதலில் ஒப்புக்கொண்டவர் ஆஸ்திரிய ஓவியர் ஆல்ஃப்ரெட் கூபின். நாவல் எழுதி முடிக்கத் தாமதமானதால், வரைந்த படங்களைத் தாமே எழுதிய 'மறுபக்கம்' (1909) என்னும் நாவலில் பயன்படுத்திக்கொண்டார். இத்துறையின் மிகக் கூர்மையான நூல் இதுவே. நடு ஆசியாவில் கனவு அரசு ஒன்றை நிறுவும் பட்டேரா என்னும் பெருஞ்செல்வர், அதன் தலைநகரான பெர்லேயைப் புதிதாகக் கட்டவில்லை. ஐரோப்பாவெங்கும் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொணர்ந்து, மீண்டும் பூட்டுகிறார். அவ்வீடுகள் பலவற்றில் குற்றமும் இரத்தமும் படிந்த வரலாறு உண்டு. புதிய பொருள்கள் எல்லையிலேயே பறிக்கப்படுகின்றன. உடையும் அறைகலனும் அரைநூற்றாண்டுக்கு முந்தையவையாகவே இருக்க வேண்டும். முழு நகரமுமே பழம்பேட்டையாக அமைந்த இந்தக் கற்பனை, இடிப்போர், காப்போர் ஆகிய இரு தரப்பாரையும் ஒருங்கே கேலி செய்கிறது: பழமையை அதன் மக்களிடமிருந்து பிரித்து வாங்க முடியும் என்று எண்ணுபவர் கைக்கு வருவது அழுகல் மட்டுமே. நாவலின் இறுதியில் மரச்சாமான்களும் சுவர்களும் உளுத்துப் பொடியாகின்றன.

அமெரிக்காவில் ஹெச். பி. லவ்கிராஃப்ட் படைத்த ஆர்க்காம் நகரம், சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கிலிட்ட சேலம் நகரின் சாயல் கொண்டது. அவருடைய மற்றொரு கதையான 'பிக்மனின் மாதிரி' (1927) பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் நிகழ்வது. கதை வெளியான அந்த ஆண்டே நண்பர் ஒருவருக்கு அந்தச் சந்தைக் காட்ட அழைத்துச் சென்ற லவ்கிராஃப்ட், அது இடிக்கப்பட்டுக் கிடக்கக் கண்டார். அவருடைய அச்சத்தில் பெரும்பகுதி, பழைய குடியேறிகள் விட்டுச்சென்ற வீடுகளில் இத்தாலியரும் பிற புதியவர்களும் குடியேறியதைப் பற்றியது. அவருடைய கடிதங்களில் வெளிப்படையாக இருக்கும் இனவெறுப்பு, கதைகளில் நிலவறை அரக்கர்களாக உருமாறுகிறது. இதை ஒதுக்கிவிட்டு அவருடைய தெரு வருணனைகளை மட்டும் பாராட்டுவது இயலாத காரியம்.

இதுவரை சொல்லப்பட்டவற்றில் உண்மைத் தெரு ஏதோ ஒரு வகையில் முன்னிருந்தது. கோதம் நகரத்தில் நிலைமை தலைகீழாகிறது. 1939இல் தோன்றிய பேட்மேன் சித்திரக்கதைகளின் ஊருக்கு 1940இல் பில் ஃபிங்கர் அப்பெயரைச் சூட்டியபோது அது நியூயார்க்கின் மறுபெயர் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்குப் பழம்பேட்டையும் இல்லை, கோதிக் முகமும் இல்லை. குற்றம் நிகழ்ந்த ஒரு சந்துதான் இருந்தது; அதுவும் ஒருகாலத்தில் செல்வர் உலவிய தெரு பின்னர் சீரழிந்தது என்னும் விளக்கத்தை 1970களில்தான் பெற்றது. இன்று அறியப்படும் உருவம், 1989இல் டிம் பர்ட்டன் இயக்கிய திரைப்படத்துக்காக ஆன்டன் ஃபர்ஸ்ட் லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பிய தெருக்களிலிருந்து வந்தது. எந்த நகரமைப்பு விதியும் இல்லாதிருந்தால் நியூயார்க் எப்படி வளர்ந்திருக்கும் என்று எண்ணி, கூர்வளைவையும் ஆலைக் குழாய்களையும் வானளாவிய சுவர்களையும் அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதற்காகப் பீட்டர் யங்குடன் ஆஸ்கர் விருதும் பெற்றார்.

சித்திரக்கதை ஆசிரியர்கள் அந்த உருவத்தைத் தம் பக்கங்களுக்குள் கொண்டுவர விரும்பினர். ஆனால் அரைநூற்றாண்டாக வேறு மாதிரி வரையப்பட்ட ஊர் திடீரென்று கோதிக் ஊராவது எப்படி? 1992 தொடக்கத்தில் மூன்று இதழ்களில் வந்த தொடர்கதை அதற்கு ஒரு விடை கண்டது. 19ஆம் நூற்றாண்டில் சைரஸ் பிங்க்னி என்னும் கட்டடக் கலைஞர், பேட்மேனின் முன்னோரான வெய்ன் குடும்பத்து நீதிபதி ஒருவரின் ஆதரவில், தீமையைத் தடுக்கும் அரணாகக் கோதிக் கட்டடங்களை எழுப்பினார் என்றும், பிற்காலத்துச் சப்பைக் கட்டடங்கள் அவற்றை மறைத்துவிட்டன என்றும் கதை கட்டப்பட்டது. அவற்றை மீண்டும் வெளிப்படுத்துவதற்காக ஒருவன் புதிய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கிறான். இடிப்பு இங்கேயும் நிகழ்கிறது. ஆனால் புதியதை இடித்துப் பழையதைக் கண்டெடுக்கும் இடிப்பு. பாரிஸில் நாவலுக்குப் பின் கொம்பு முளைத்த சிற்பங்கள் வந்ததுபோல, கோதத்தில் திரைப்படத்துக்குப் பின் வரலாறு வந்தது. இத்தனை திறமையோடு புனையப்பட்ட அந்த வரலாற்றில் கட்டியவர், பணம் தந்தவர், காப்பவர் ஆகிய மூவரும் உள்ளனர். குடியிருந்தவர் இல்லை. கோதத்தின் பழம்பேட்டை அழகானது, வெறுமையானது. காப்போரின் பார்வையில் மட்டும் எழுதப்பட்டது.

வீடியோ விளையாட்டுகள் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தன. இடிப்பதற்கும் காப்பதற்கும் மாற்றாக, அவற்றில் பழம்பேட்டை பூட்டப்படுகிறது. 1998இல் வந்த 'தீஃப்' விளையாட்டின் பெயரற்ற நகரில், பேரழிவு ஒன்றுக்குப் பின் பழைய பகுதி மதில் எழுப்பி அடைக்கப்பட்டு, பேராலயமும் இறந்தும் நடமாடுவோரும் உள்ளே விடப்பட்டிருக்கின்றனர். 2015இல் வெளிவந்த, ஹிதேதாகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய 'பிளட்போர்ன்' இதை இன்னும் தீவிரமாகக் கையாள்கிறது. அதன் கற்பனை நகரான யார்னமில், குருதியைக் கொண்டு நோய் தீர்க்கும் திருச்சபை அதிகாரம் செலுத்துகிறது. கொள்ளைநோய் கண்ட பழைய யார்னம், நோயாளிகள் விலங்குருக் கொண்டதும் தீவைக்கப்பட்டு, கதவு சாத்தப்பட்டு, மேலே எழுந்த பேராலயப் பகுதியின் அடியில் பள்ளத்தாக்காகக் கிடக்கிறது. சுகாதாரம், தீ, மதில், மேலே புதிய நகரம் என்னும் அந்த வரிசையில் 19ஆம் நூற்றாண்டின் நகர மேம்பாட்டுச் சட்டங்களின் நிழல் தெரிகிறது.

அங்கே நுழைபவரை எதிர்கொள்பவர், வேட்டைத்தொழிலைக் கைவிட்ட ஜூரா என்னும் முதியவர். உள்ளேயிருக்கும் விலங்குகள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை, திரும்பிப் போ என்று எச்சரித்துவிட்டு, கோபுரத்தின் மேலிருந்து சுழல்துப்பாக்கியால் சுடுகிறார். அவரைக் கொன்றுவிட்டுக் கடந்து செல்வது எளிது. பெரும்பாலும் அதுவே முதலில் தோன்றும் வழி. வேறு பாதையில் சுற்றி வந்து அவரோடு பேசுபவருக்கு மட்டும், வேட்டையாடப்படுவோர் விலங்குகள் அல்லர், அவ்வூர் மக்களே என்று சொல்கிறார். வீடுகளைப் பேசவைத்து மக்களை நிழலாக்கிய 'கோலம்' நாவல் அச்சேறி அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹ்யூகோ ஆலயத்துக்காகவும், கோதத்தின் ஆசிரியர்கள் கட்டடங்களுக்காகவும் வாதாடிய இத்துறையில், பழம்பேட்டையின் குடிகளுக்காக அதன் வாசலிலேயே ஒருவரைக் காவல் நிறுத்திய படைப்பு பழைய யார்னமே.